வாய்ப்புற்றுநோயை இனங்காணல்: பரம்பரையலகுக் குறிகாட்டிகளும் நிர்ப்பீடனக் குறிகாட்டிகளும்

க.பொ.த. (சா/த) விஞ்ஞானம் – உயிரியற் பகுதி – மேலதிக வாசிப்பு

மாணவர்களே, கலப்பிரிவு, பரம்பரையலகு, நிர்ப்பீடனம் ஆகிய மூன்றையும் வெவ்வேறு அலகுகளாகப் படித்திருப்பீர்கள். இவற்றை இணைத்து வினவும்போது பலர் தடுமாறுகின்றனர். இம்மூன்றும் ஒன்றுசேரும் இடங்களுள் ஒன்று வாய்ப்புற்றுநோய்.

எமது பிரதேசத்துக்கு இது தூரத்து நோயன்று. இலங்கை ஆண்களிடையே ஏற்படும் புற்றுநோய்களில் உதடு, வாய்க்குழி சார்ந்தவை நெடுங்காலமாக முன்னணியில் உள்ளன. வாவியில் இரவு முழுவதும் வலையுடன் விழித்திருப்போரும் படுவான்கரை வயல்களில் வேலை செய்வோரும் களைப்புத் தெரியாதிருக்க வெற்றிலை போடுவதைக் கண்டிருப்பீர்கள். எனவே இப்பாடத்தைப் புள்ளிகளுக்காக மட்டுமன்றி, வீட்டிலுள்ள பெரியவர்களுக்காகவும் படியுங்கள்.

1. வாயினுள் நடைபெறுவது என்ன?

வாய்க்குழியின் உட்பரப்பை மேலணி இழையம் மூடியுள்ளது. அதன் மேற்கலங்கள் தேய்ந்து உதிர, கீழுள்ள கலங்கள் இழையுருப்பிரிவால் பெருகி அவ்விடத்தை நிரப்பும். எப்போது பிரிவது, எப்போது நிறுத்துவது என்பதைப் பரம்பரையலகுகள் கட்டுப்படுத்துகின்றன.

பாக்கிலும் புகையிலையிலும் உள்ள சில பதார்த்தங்கள் இக்கலங்களின் டீ.என்.ஏயைச் சேதப்படுத்தும். சுண்ணாம்பு ஒரு மூலம். அதனால் ஏற்படும் மூல ஊடகத்தில் பாக்கின் பதார்த்தங்களிலிருந்து தாக்குதிறன் கூடிய ஒட்சிசன் வடிவங்கள் இலகுவில் உண்டாகும். சேதம் பல ஆண்டுகளாகச் சேரும்போது விகாரங்கள் தோன்றும். கட்டுப்பாட்டை இழந்த கலம் நிற்காமல் பிரிந்து, அயல் இழையங்களுள் ஊடுருவுமாயின் அதுவே புற்றுநோய்.

"புகையிலை சேர்க்காவிட்டால் ஆபத்தில்லை" என்று சிலர் கூறுவர். இது தவறு. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட தொகுப்பில், புகையிலை சேராத வெற்றிலைக் கூட்டும் பாக்கும் மனிதரில் புற்றுநோயை உண்டாக்குவன என வகைப்படுத்தியுள்ளது.

2. குறிகாட்டி என்றால் என்ன?

ஒரு திரவம் அமிலமா என்பதைக் கண்ணால் அறிய முடியாது. பாசிச்சாயத்தாள் நிறம் மாறிக் காட்டும். அதுபோல, கலத்தினுள் நிகழ்ந்த மாற்றத்தை அளந்தறிய உதவும் டீ.என்.ஏ மாற்றம், புரதம் போன்றவற்றை உயிரியற் குறிகாட்டிகள் என்பர். ஆயினும் ஒரு வேறுபாட்டை மறவாதீர்கள். பாசிச்சாயத்தாள் ஒரே தடவையில் விடை தரும். உயிரியற் குறிகாட்டியோ பெரும்பாலும் ஐயத்தைக் கூட்டும் அல்லது குறைக்கும்.

3. பரம்பரையலகுக் குறிகாட்டிகள்

(அ) பீ53: இப்புரதம் 1979இல் கண்டறியப்பட்டது. இதற்கான பரம்பரையலகு 17ஆம் நிறமூர்த்தத்தில் உள்ளது. டீ.என்.ஏ சேதமுற்றால் பீ53 கலப்பிரிவை நிறுத்தித் திருத்தத்துக்கு நேரம் கொடுக்கும். திருத்த முடியாவிடின் அக்கலத்தை இறக்கச் செய்யும். தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோய்களில் மிகக் கூடுதலாக விகாரமடைந்து காணப்படுவது இப்பரம்பரையலகே.

(ஆ) பீ16: இதுவும் கலப்பிரிவைத் தடுக்கும் புரதம். வாய்ப்புற்றுநோய்களில் இதன் பரம்பரையலகு அடிக்கடி இழக்கப்படும் அல்லது செயலிழக்கும். இதற்கு மாறாக, தொண்டையில் மனிதப் பப்பிலோமா வைரசினால் ஏற்படும் புற்றுநோயில் பீ16 மிகையாகக் காணப்படும். ஒரே குறிகாட்டியின் பொருள் இடத்துக்கு இடம் மாறுவதைக் கவனிக்க.

(இ) நிறமூர்த்தத் துண்டிழப்பு: 3ஆம், 9ஆம் நிறமூர்த்தங்களின் குறும்புயங்களில் பகுதிகள் இழக்கப்பட்டுள்ள வெண்படைகள் புற்றுநோயாக மாறும் வாய்ப்பு, அவ்வாறு இழக்கப்படாதவற்றைவிடக் கூடுதலாகும்.

4. நிர்ப்பீடனக் குறிகாட்டிகள்

(அ) பீ53இற்கு எதிரான பிறபொருளெதிரி: சாதாரண பீ53 விரைவில் அழிந்துவிடும். விகாரமடைந்த பீ53 பல வேளைகளில் அழியாது கலத்தில் தேங்கும். சிலரில் நிர்ப்பீடனத் தொகுதி இதனைப் பிறபொருளெனக் கருதிப் பிறபொருளெதிரியை ஆக்கும். அதைக் குருதியில் கண்டறியலாம். ஆனால் இது எல்லா நோயாளரிலும் உருவாவதில்லை. வேறு உறுப்புகளின் புற்றுநோய்களிலும் உருவாகலாம்.

(ஆ) இன்டலூக்கின்-8: வெண்குருதிக் கலங்களை அழைக்கும் செய்திப் புரதம் இது. வாய்ப்புற்றுநோயாளரின் உமிழ்நீரில் இதன் செறிவு உயர்வதை ஆய்வுகள் காட்டியுள்ளன. முரசு அழற்சியிலும் இது உயரும். ஆகவே இதனைத் தனியே நம்ப முடியாது.

5. பிறபொருளெதிரியே கருவியாதல்

ஒரு பிறபொருளெதிரி தனக்குரிய பிறபொருளெதிரியாக்கியுடன் மட்டும் இணையும் எனப் படித்தோம். இவ்வியல்பே ஆய்வுகூடத்திலும் பயன்படுகிறது. ஒரே வகைப் பிறபொருளெதிரியைப் பெருமளவில் ஆக்கும் முறையைக் கோலர், மில்ஸ்டைன் ஆகியோர் 1975இல் வெளியிட்டு, 1984இல் நோபல் பரிசைப் பெற்றோருள் அடங்கினர். பீ53உடன் இணையும் பிறபொருளெதிரியை மெல்லிய இழையச் சீவல்மீது இட்டு நிறமூட்டினால், பீ53 தேங்கிய கலக்கருக்கள் கபில நிறமாகத் தெரியும். சில விகாரங்களில் புரதமே உருவாகாது. அப்போது நிறமும் தோன்றாது. எனவே நிறம் இல்லை என்பதால் விகாரம் இல்லை எனக் கூறலாகாது.

6. நோயை உறுதிப்படுத்துவது எது?

இத்தனை குறிகாட்டிகள் இருந்தும், வாய்ப்புற்றுநோயை இன்றும் உறுதிப்படுத்துவது பயொப்சி எனப்படும் இழையப் பரிசோதனையே. சந்தேகத்துக்குரிய இடத்தில் சிறு துண்டு வெட்டி எடுக்கப்பட்டு நுணுக்குக்காட்டியில் ஆராயப்படும். குறிகாட்டிகள் அதற்குத் துணை.

ஆனால் ஒருவர் வைத்தியரிடம் சென்றால்தானே பயொப்சி? இங்குதான் உயிர் தப்புவதும் தப்பாததும் தீர்மானமாகிறது. ஆரம்ப நிலையில் வலி இருப்பதில்லை. "வலியில்லைதானே" என்று பலர் காத்திருந்துவிடுகின்றனர். கவனிக்க வேண்டியவை:

• துடைத்தும் நீங்காத வெள்ளை அல்லது சிவப்புப் படை
• இரண்டு, மூன்று கிழமைகளில் ஆறாத புண்
• வாயை முன்போல அகலத் திறக்க முடியாமை
• காரணமின்றித் தோன்றும் தடிப்பு, கழுத்தில் கட்டி

இவற்றைப் பார்க்கப் பெரிய கருவி தேவையில்லை. இலங்கையில் ஆரம்ப சுகாதார ஊழியர்கள் 28,000க்கும் மேற்பட்ட கிராமத்தவரின் வாய்களைப் பரிசோதித்த ஆய்வு 1984இல் வெளியானது. பயிற்சி பெற்ற கண் இத்தகைய மாற்றங்களை இனங்காணும் என்பதை அது காட்டியது. கேரளத்தின் திருவனந்தபுரத்தில் நடைபெற்ற பாரிய ஆய்வின் முடிவு 2005இல் வந்தது. வாயை வெறும் கண்ணால் பரிசோதித்ததன் பயனாக, புகையிலை அல்லது மது பாவிப்போரில் வாய்ப்புற்றுநோய் மரணங்கள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைந்தன.

வீட்டில் வெற்றிலை போடும் அப்பப்பா, அம்மம்மா இருப்பின், நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் வாயைக் கழுவிவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மேற்கூறியவற்றுள் ஏதேனும் இருந்தால் அருகிலுள்ள அரசாங்க வைத்தியசாலையின் பல் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் புற்றுநோய்ச் சிகிச்சைப் பிரிவும் உண்டு.

7. மாணவர் குழம்பும் இடங்கள்

• பரம்பரையலகு மாற்றம் வேறு, பரம்பரை நோய் வேறு. இங்கு விகாரம் பெரும்பாலும் வாயின் உடற்கலங்களில், வாழ்நாளில் ஏற்படுவது. புணரிகளில் ஏற்படாததால் பிள்ளைகளுக்குக் கடத்தப்படுவதில்லை.
• வாய்ப்புற்றுநோய் தொற்றுநோயன்று. நோயாளருடன் ஒன்றாக உண்பதால் பரவாது. அவரை ஒதுக்கி வைப்பதற்கு விஞ்ஞானத்தில் காரணமில்லை.
• எல்லா வெண்படையும் புற்றுநோயாக மாறுவதில்லை. எது மாறும் என்பதைக் கண்ணால் கூற முடியாது. குறிகாட்டிகள் தேவைப்படுவது இதனாலேயே.

பயிற்சி வினாக்கள்

1. விகாரமடைந்த பீ53 சாதாரண பீ53ஐவிடக் கலத்தில் கூடுதலாகக் காணப்படுவது ஏன்?
2. உமிழ்நீரில் இன்டலூக்கின்-8 உயர்ந்துள்ள ஒருவருக்குப் புற்றுநோய் உண்டெனக் கூறலாமா? காரணம் தருக.
3. தந்தைக்கு வெற்றிலைப் பாவனையால் வாய்ப்புற்றுநோய் ஏற்பட்டது. அவ்விகாரம் மகனுக்குக் கடத்தப்படுமா? விளக்குக.

விடைக் குறிப்புகள்

1. சாதாரண பீ53 விரைவில் அழிக்கப்படும். விகாரமடைந்தது பல வேளைகளில் அழியாது தேங்கும்.
2. கூற முடியாது. முரசு அழற்சியிலும் அது உயரும். உறுதிப்படுத்த இழையப் பரிசோதனை வேண்டும்.
3. கடத்தப்படாது. விகாரம் நிகழ்ந்தது வாயின் மேலணிக் கலங்களில், புணரிகளில் அன்று. ஆனால் மகனும் வெற்றிலை, பாக்கு, புகையிலையைப் பாவித்தால் அவனது வாய்க்கலங்களிலும் புதிதாக விகாரங்கள் ஏற்படலாம். (இக்கடைசி வாக்கியத்தைப் பலர் எழுதாது விடுவர். விடை முழுமை பெறுவது அதனாலேயே.)