சிவப்பு போயாச்சு... அழுத்தம்?

கண் சிவந்தாலே 'மெட்ராஸ் ஐ'தான் என்று முடிவு கட்டிவிடுகிறோம். ஆனால் ஒரு கண் மட்டும் சிவந்து, வலியும் மங்கலுமாக, வெளிச்சத்தைப் பார்க்கவே கூசினால் அது யுவியைட்டிஸாக இருக்கலாம். பலருக்கு இது வேலியே பயிரை மேய்ந்த கதை. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே கண்ணின் நடுப்படலத்தைத் தாக்குவதால் வரும் அழற்சி. அடிக்கடி திரும்பியும் வரும்.

இதற்கும் குளுக்கோமாவுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? கண்ணுக்குள் தெளிந்த நீர் ஒன்று சுரந்து, ஓரத்திலுள்ள நுண்ணிய சல்லடை வழியாக வடிந்துகொண்டே இருக்கிறது. அழற்சியில் சேரும் செல்களும் புரதமும், சிங்க்கில் டீத்தூள் அடைக்கிற மாதிரி, அந்தச் சல்லடையை அடைத்துவிடும். சிலருக்கு கண்மணியைச் சுற்றியுள்ள ஐரிஸ், பின்னாலிருக்கும் லென்ஸோடு ஒட்டிக்கொண்டு நீரின் பாதையையே மறிக்கும். ஒட்டாமலிருக்கத்தான் கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து. 'பேப்பர் படிக்க முடியலையே' என்று அதை நிறுத்திவிடாதீர்கள்.

ஒரு வேடிக்கை பாருங்கள். நோய் உக்கிரமாக இருக்கும்போது நீர் சுரப்பதே குறைந்துபோய், அழுத்தம் நார்மலாகக்கூடக் காட்டும். அழற்சி தணிந்ததும் சுரப்பு பழையபடி வந்துவிடும். சல்லடைதான் பழுதாகிக் கிடக்கும். அப்போதுதான் அழுத்தம் எகிறும். வழக்கமான அளவு 10 முதல் 21 வரை. 'போன மாசம் 14தானே இருந்தது' என்ற சமாதானம் இங்கே செல்லாது.

போதாக்குறைக்கு, அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்தே சிலருக்கு, சில வாரங்களில், அழுத்தத்தை ஏற்றிவிடும். அதற்குப் பயந்து நீங்களாக நிறுத்தினால் அழற்சி மறுபடி கிளம்பும். டாக்டர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். அழுத்தம் ஏறினால் அதற்குத் தனிச் சொட்டு மருந்து உண்டு. தேவைப்பட்டால் ஆபரேஷன். நீண்டநாள் நோய்க்கு ஸ்டீராய்டைக் குறைக்க மெத்தோட்ரெக்ஸேட் போன்ற மருந்துகளும் இருக்கின்றன.

எனக்குக் கவலை தருவது வேறு. ஆறு மாதம் கழித்துக் கண் சிவந்ததும், பழைய சீட்டை நீட்டி அதே ஸ்டீராய்டு மருந்தைக் கடையில் வாங்கிப் போட்டுக்கொள்வது. சிவப்பு மறையும். கண்ணாடியில் பார்த்தால் கண் பளிச்! உள்ளே அழுத்தம் ஏறியிருந்தால், பார்வை நரம்பு பெரும்பாலும் வலியே இல்லாமல் நசிந்துகொண்டிருக்கும். ஓரப்பார்வைதான் பொதுவாக முதலில் போகும். போனது திரும்பாது.

வீட்டில் மூட்டுவாதமுள்ள குழந்தை இருக்கிறதா? அவர்களுக்கு இந்த அழற்சி சிவப்போ வலியோ இல்லாமலே வரலாம். 'போர்டு தெரியலைம்மா' என்று பிள்ளை சொல்லும்வரை காத்திருக்காதீர்கள். ஆபத்து அதிகமுள்ள குழந்தைகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கண் டாக்டரிடம் காட்ட வேண்டும். போகும்போது கண் அழுத்தத்தையும் அளக்கச் சொல்லிக் கேளுங்கள்.