ரேடியேட்டர்த் திரவத்தைச் சிந்தாமல் வடித்தல்

மலைப் பாதைகளிலும் மணற்பரப்புகளிலும் ஓடும் ஜீப் முதலிய வண்டிகளில், எஞ்சினைக் குளிர்விக்கும் திரவத்தைக் குறித்த காலத்தில் வடித்துவிட்டுப் புதியதை ஊற்றவேண்டியிருக்கிறது. லடாக், ஸ்பிட்டி போன்ற பிரதேசங்களில் குளிர்காலம் தொடங்குமுன் இவ்வேலையைத் தள்ளிவைக்க இயலாது. வேலை என்னவோ எளியதுதான். ரேடியேட்டரின் அடியிலுள்ள திருகைத் திறந்தால் திரவம் தானே இறங்கிவிடும். ஆனால் அது பாத்திரத்துக்குள்தான் விழும் என்பதற்கு உறுதி இல்லை. வண்டியின் அடிச்சட்டத்தில் தெறித்து, கற்கள் தாக்காமலிருக்கப் பொருத்தப்பட்ட இரும்புத் தகட்டின்மேல் பரவி, நான்கு துளைகளின் வழியே நான்கு இடங்களில் சொட்டித் தரையில் பச்சைக் குட்டையாகத் தேங்குகிறது. பட்டறைகளில் இது அன்றாடக் காட்சி. வெறும் அசுத்தமென்று எண்ணி அதன்மேல் ஒரு கூடை மண்ணைக் கொட்டிவிட்டுப் போகிறவர்களே மிகுதி. அத்திரவம் யாதென அறிந்தவர் அவ்வாறு போகமாட்டார்.

திரவத்தின் இயல்பு

நீர் உறைந்து பனிக்கட்டியாகும்போது அதன் பருமன் நூற்றுக்கு 9 பங்கு பெருகுகிறது. வார்ப்பிரும்பும் இவ்விரிவைத் தாங்காது. எஞ்சினின் உடல் வெடித்துவிடும். எனவேதான் வெறும் நீரையே ஊற்றி ஓட்டிய காலத்தில், குளிர்ப் பிரதேசங்களில் இரவுதோறும் ரேடியேட்டரைக் காலிசெய்து, காலையில் மீண்டும் நிரப்புவது வழக்கமாயிருந்தது. பழைய வில்லிஸ் ஜீப்பில் ரேடியேட்டரின் அடியில் ஒன்றும், எஞ்சின் உடலில் ஒன்றுமாக வடிதிருகுகள் இருந்தன.

இக்காலத்தில் நீருடன் எத்திலீன் கிளைக்கால் என்னும் இரசாயனப் பொருள் கலக்கப்படுகிறது. இரண்டும் சமபாகமாகக் கலந்தால் மைனஸ் 37 டிகிரி சென்டிகிரேட் வரையில் கலவை உறைவதில்லை. வியப்பு யாதெனின், கலப்பற்ற கிளைக்கால் மைனஸ் 13 டிகிரியிலேயே உறைந்துவிடும். நீருடன் சேரும்போதுதான் இரண்டின் உறைநிலையும் தாழ்கிறது. ஆகவே நீரே கலவாமல் முழுவதும் கிளைக்காலை ஊற்றுவது நன்மை தரும் என்று எண்ணுவது தவறு.

இக்கலவையில் துருவைத் தடுக்கும் உப்புகளும் சேர்க்கப்பட்டிருக்கின்றன. இவை நாளடைவில் செலவாகிவிடுகின்றன. பழைய வகைத் திரவத்தை ஏறத்தாழ 2 ஆண்டுகளிலும், கரிம அமிலங்கள் சேர்ந்த புதுவகைத் திரவத்தை ஏறத்தாழ 5 ஆண்டுகளிலும் மாற்றுமாறு கூறப்படுவது இதனாலேயே. பச்சை, சிவப்பு, நீலம் ஆகிய நிறங்கள் சாயத்தினால் வருபவை. நிறத்தைக்கொண்டு வகையை முடிவுசெய்யலாகாது.

கிளைக்கால் இனிப்புச் சுவையுடையது, கடும் நஞ்சு. ஏறத்தாழ 100 மில்லிலிட்டர், அதாவது அரை டம்ளர், வளர்ந்த மனிதனின் உயிரைப் போக்கப் போதும். பூனைக்குத் தூய கிளைக்கால் ஒரு தேக்கரண்டியளவே போதுமானது. உண்மையில் கிளைக்காலைக் காட்டிலும், உடலுக்குள் அது மாறும் பொருள்களே பெருந்தீங்கு செய்கின்றன. கல்லீரலில் அது படிப்படியாகச் சிதைந்து ஆக்சாலிக் அமிலமாகிறது. அந்த அமிலம் இரத்தத்திலுள்ள கால்சியத்துடன் சேர்ந்து படிகமாகிச் சிறுநீரகத்தின் நுண்குழல்களில் படிகிறது. குடித்த சில மணி நேரத்துக்குக் கள்ளுண்டவனைப்போன்ற தள்ளாட்டமும் வாந்தியுமே காணப்படும். பிறகு தெளிவதுபோலவும் தோன்றலாம். அத்தெளிவை நம்பி வீட்டிலேயே இருந்துவிட்டால், ஓரிரு நாட்களில் சிறுநீரகம் செயலற்றுப் போகிறது. முறிமருந்து உண்டு. கல்லீரல் கிளைக்காலைச் சிதைக்கத் தொடங்குமுன் அதனைத் தருவதே முழுப்பயன் அளிக்கும். ஆதலின் ஐயம் எழுந்த உடனேயே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லவேண்டும்.

குளிர்ப் பிரதேசத்தில் இதற்கு மேலும் ஒரு கேடு உண்டு. ஊரிலுள்ள நீரெல்லாம் உறைந்துகிடக்கும் காலத்தில், உறையாமல் தேங்கிநிற்கும் ஒரே குட்டை பட்டறை வாசலிலுள்ள இக்குட்டையாக இருக்கலாம். தாகங்கொண்ட நாயும் கன்றும் வேறெங்கே போகும்? வடித்த திரவம் தரையைத் தொடக்கூடாது என்பதற்கு இதைவிட வலிய காரணம் வேண்டியதில்லை.

சூடான மூடி

வடிப்பதற்குமுன் எஞ்சின் நன்கு ஆறவேண்டும். கடல்மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் நீர், லடாக்கின் கார்துங் கணவாயில், ஏறத்தாழ 5,360 மீட்டர் உயரத்தில், 82 டிகிரியளவிலேயே கொதித்துவிடும். அதுவே பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறந்துகொள்ளும் உஷ்ணநிலையுமாகும்! திறந்த பாத்திரமாக இருந்தால் அவ்விடத்தில் எந்த வண்டியும் கொதிக்காமல் ஓடாது. ரேடியேட்டரின் மூடியிலுள்ள வில், உள்ளே அழுத்தத்தைத் தேக்கிவைத்துக் கொதிநிலையை உயர்த்துகிறது.

அம்மூடியைச் சூட்டுடன் திறந்தால் தேங்கிய அழுத்தம் ஒரு கணத்தில் நீங்கிவிடும். கடல்மட்டத்தில் 110 டிகிரியிலுள்ள 1 லிட்டர் நீரில் அப்போது 20 கிராம் அளவே ஆவியாகும். ஆயினும் அந்த ஆவி 30 லிட்டருக்கு மேல் இடங்கொள்ளும். எஞ்சிய கொதிநீரை அது முகத்தின்மேல் வீசியடிக்கிறது. குளிர்காற்றில் நிற்கும் வண்டியில் ரேடியேட்டரின் முகப்பு விரைவில் சில்லிட்டுவிடுமாதலால், அதைத் தொட்டுப்பார்த்து ஏமாறலாகாது. எஞ்சினிலிருந்து வரும் மேல் ரப்பர்க் குழாயைப் பிடித்துப் பார்க்கவேண்டும். அது சூடின்றியும், அழுத்தினால் தளர்ந்தும் இருப்பதே சரியான அடையாளம். இரண்டு மணி நேரம் காத்திருப்பது மிகையாகாது.

சிந்துவதன் காரணம்

ஆறிய பின்னரும் திரவம் ஏன் பாத்திரத்தைத் தவறவிடுகிறது? பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த இத்தாலிய அறிஞர் தாரிசெல்லி இதற்கான விதியைக் கண்டறிந்தார். துளையிலிருந்து பாயும் திரவத்தின் வேகம், துளைக்குமேல் நிற்கும் திரவத்தின் உயரத்தைப் பொறுத்தது. உயரம் 9 மடங்கானால் வேகம் 3 மடங்காகும். ரேடியேட்டரில் துளைக்குமேல் 45 சென்டிமீட்டர் திரவம் நிற்பதாகவும், துளை பக்கவாட்டில் நோக்கியிருப்பதாகவும், 20 சென்டிமீட்டர் கீழே பாத்திரம் உள்ளதாகவும் கொள்வோமாயின், கணக்குப்படி தாரை 60 சென்டிமீட்டர் தூரம் சென்று விழும். மட்டம் 5 சென்டிமீட்டராகக் குறையும்போது அதே தாரை 20 சென்டிமீட்டரிலேயே விழுந்துவிடும். உராய்வினால் இவ்வளவுகள் சற்றுக் குறையலாம். எனினும் தாரை மெல்ல மெல்ல வண்டியை நோக்கிப் பின்வாங்குவது மாறாது. தொடக்கத்தில் சரியாக வைத்த பாத்திரம் முடிவில் சரியாக இராது. வேலையாள் எழுந்து வேறு வேலைக்குப் போய்விடுவதும் பெரும்பாலும் அந்நேரத்தில்தான்.

திருகைத் தேடிக் கையை நுழைக்கச் சோம்பி, அடி ரப்பர்க் குழாயையே பிடுங்கிவிடுவோரும் உண்டு. 6 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளைக்கும் 30 மில்லிமீட்டர் குழாய்க்கும் பரப்பில் 25 மடங்கு வேறுபாடு. சில நிமிடங்களில் இறங்கவேண்டியது சில வினாடிகளில் கொட்டினால் எந்தத் தட்டும் அதைத் தாங்காது. திருகே இல்லாத ரேடியேட்டருக்கு மட்டும் இம்முறை வேண்டியிருக்கலாம்.

தாரையை அடக்கும் வழியும் தாரிசெல்லியின் மற்றொரு கண்டுபிடிப்பிலேயே இருக்கிறது. காற்றுக்கும் எடையுண்டு என்று பாதரசக் குழாயால் மெய்ப்பித்தவரும் அவரே. மேல்மூடி இறுக மூடியிருக்கையில் அடியில் சிறு துளையைத் திறந்தால், வெளிக்காற்றின் அழுத்தம் திரவத்தைத் தாங்கிக்கொள்கிறது. சிறிதளவு ஒழுகியதும் உள்ளே வெற்றிடம் உண்டாகி ஒழுக்கு மெலிகிறது. அவ்வெற்றிடம் மூடியிலுள்ள சிறு வால்வைத் திறந்து, பக்கத்திலுள்ள சேமிப்புக் குப்பியின் திரவத்தையும் உள்ளிழுத்துக்கொள்ளும். குப்பியைத் தனியே கழற்றிக் கவிழ்க்கவேண்டிய வேலை இதனால் பெரும்பாலும் மிச்சமாகிறது. ஆகவே முதலில் மூடியைத் திறப்பது என்னும் வழக்கத்தை விட்டு, அதனைக் கடைசியில் திறப்பதே முறை. மூடி இங்கே குழாய்த் திருகின் வேலையைச் செய்கிறது.

வடிக்கும் முறை

சமதளத்தில் வண்டியை நிறுத்திக் கைபிரேக்கை இழுத்து, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை இடவேண்டும். வடிதிருகுள்ள பக்கம் சிறிது தாழ்ந்திருந்தால் நல்லது. இவ்வகை வண்டிகள் தரையிலிருந்து உயர்ந்து நிற்பதால் ஜாக்கி தேவைப்படுவதில்லை. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியடியில் படுப்பது எந்நாளும் கூடாது. வண்டியில் உட்புறத்தைச் சூடாக்கும் ஹீட்டர் இருந்தால் அதன் கட்டுப்பாட்டை முழுச் சூட்டில் வைக்கவேண்டும். சில வண்டிகளில் ஹீட்டருக்குச் செல்லும் வால்வு அப்போதுதான் திறக்கிறது.

அடுத்தது பாதுகாப்புத் தகடு. நான்கைந்து போல்ட்டுகளைக் கழற்றும் சிரமத்துக்கு அஞ்சி இதனை விட்டுவிடுகிறார்கள். சிந்துதலில் பெரும்பகுதி இத்தகட்டினாலேயே நேர்கிறது. அதில் படிந்துள்ள சேறும் திரவத்துடன் கலந்துவிடுவதால், வடித்ததன் நிறத்தைப் பார்த்துத் துருவையோ எண்ணெய்க் கலப்பையோ அறியவும் வழியில்லாமற் போகிறது. கழற்றிவிடுவதே மேல்.

வண்டியடியில் ஒரு தார்ப்பாயை விரித்து, அதன் ஓரங்களுக்குக் கீழே மரச்சட்டங்களையோ சுருட்டிய சாக்குகளையோ வைத்து உயர்த்தினால் ஆழமற்ற தொட்டி போலாகும். அதன்மேல் வாயகன்ற பாத்திரத்தை வைக்கலாம். 15 லிட்டர் எண்ணெய் டின்னைப் படுக்கவைத்து ஒரு பக்கத்தை வெட்டியெடுத்தால் நல்ல தட்டு கிடைக்கும். வெட்டிய விளிம்பை மடித்துத் தட்டிவிடவேண்டும். பாத்திரத்தின் கொள்ளளவு, வண்டியின் கையேட்டில் கூறப்பட்ட திரவ அளவைக் காட்டிலும் மிகுந்திருக்கவேண்டும். உலர்ந்த மரத்தூள் ஒரு வாளியில் அருகில் இருக்கட்டும்.

வடிதிருகுக்கு மூக்கு இருந்தால், அதில் இறுகப் பொருந்தும் ரப்பர்க் குழாயை மாட்டி மறுமுனையைப் பாத்திரத்தின் அடிவரையில் விடவேண்டும். அப்போது தாரை முன்செல்வதும் பின்வாங்குவதும் இல்லை. மூக்கு இல்லாவிடில் பழைய சைக்கிள் டியூப்பில் ஒரு முழம் வெட்டித் துளையைச் சுற்றிக் கட்டலாம். அல்லது தகரத்தை ஓடைபோல வளைத்து அடிச்சட்டத்துக்கு மேலாகச் சாய்த்துவைக்கலாம். கைக்கு ரப்பர் உறையும், கண்ணுக்குக் கண்ணாடியும் அணிந்து, திருகை அரைச் சுற்று மட்டும் திறக்கவேண்டும். ஒழுக்கு சரியான இடத்தில் விழுகிறதென்று கண்டபின், சேமிப்புக் குப்பி காலியானதும், மேல்மூடியைச் சிறிது சிறிதாகத் தளர்த்தலாம். மட்டம் குறையும் வரையில் ஒருவர் அருகிலேயே இருப்பது அவசியம்.

எஞ்சின் உடலில் தனி வடிதிருகு உள்ள வண்டிகளில் அதனையும் திறக்கவேண்டும். அங்கும் முதலில் குழாயையோ தகர ஓடையையோ பொருத்திய பின்னரே திறப்பது நன்று.

அளந்து நிரப்புதல்

வடிந்ததை அளப்பது பலரும் விட்டுவிடும் வேலை. ஆனால் குளிர்ப் பிரதேசத்தில் எஞ்சினைக் காப்பது அதுவே. ஒரு வண்டியின் கொள்ளளவு 6 லிட்டர் என்போம். நீர் ஊற்றி எஞ்சினை ஓட்டி, ஆறவிட்டு, அக்கழுநீர் தெளிந்து வரும்வரை கழுவிய பின்னர், கடைசியாக வடிந்தது 4 லிட்டரே எனில், 2 லிட்டர் வெறும் நீர் உள்ளே தங்கியிருக்கிறது. இப்போது சமபாகமாகக் கலந்து விற்கப்படும் திரவத்தை 4 லிட்டர் ஊற்றினால், மொத்தம் 6 லிட்டரில் கிளைக்கால் 2 லிட்டர்தான். மூன்றில் ஒரு பங்கு. அக்கலவை மைனஸ் 18 டிகிரியளவிலேயே உறையத் தொடங்கிவிடும். திராஸ் பள்ளத்தாக்கில் குளிர்கால இரவு மைனஸ் 20 டிகிரிக்கும் கீழே இறங்குவதுண்டு. எனவே இந்நிலையில் 3 லிட்டர் கலப்பற்ற கிளைக்கால் திரவமும் 1 லிட்டர் வாலைவடிநீரும் ஊற்றுவதே சரியாகும். கிணற்று நீரிலும் ஓடை நீரிலும் உள்ள உப்புகள் உட்சுவர்களில் கார்போல் படிந்து வெப்பத்தைத் தடுக்கும்.

வடித்ததும் கழுவியதும் ஆகிய இரண்டும் நஞ்சே. பித்தளை ரேடியேட்டர்களின் பற்றாசிலிருந்து கரைந்த ஈயமும் அவற்றில் இருக்கக்கூடும். கிளைக்காலை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் நாளடைவில் சிதைத்துவிடும், குளிர் மிகுந்த இடத்தில் அவ்வேலை மந்தமாகவே நடக்கும், ஈயமோ சிதைவதேயில்லை. ஆகையால் சாக்கடையிலும் ஓடையிலும் கொட்டாமல், திருகு மூடியுள்ள கெட்டியான கலத்தில் ஊற்றி, ‘நஞ்சு’ என்று பெரிய எழுத்தில் எழுதிப் பூட்டிவைத்து, கழிவுத் திரவங்களைச் சேகரிக்கும் பட்டறையிடம் ஒப்படைக்கவேண்டும். கழிவு எண்ணெயுடன் சேர்த்துவிட்டால் அவ்வெண்ணெயைச் சுத்திகரிப்பது கடினமாகும். குளிர்பானப் புட்டிகளில் மட்டும் ஒருபோதும் ஊற்றிவைக்கலாகாது. பச்சை நிறமும் இனிப்பும் உள்ள எதனையும் குழந்தை சர்பத்தென்றே கொள்ளும். சிந்திய சில துளிகளை மரத்தூளால் ஒற்றியெடுத்து, அத்தூளையும் கலத்துடன் சேர்த்து வைப்பது நலம்.

நிரப்பிய பின் மூடியைத் திறந்தவாறே எஞ்சினைச் சிறிது நேரம் ஓட்டினால், உள்ளே சிக்கிய காற்று குமிழிகளாக வெளியேறும். மட்டத்தைச் சரிசெய்து மூடியை இட்டு, மறுநாள் காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கையில் மீண்டும் பார்க்கவேண்டும். அடிச்சட்டத்தின் இடுக்குகளில் தங்கிய எச்சம் அப்போது இரண்டொரு துளிகளாக விழுவதுண்டு. அதைத் துடைத்துவிட்டு அரைமணி நேரம் கழித்துப் பார்ப்பதே போதும். கசிவென்று பதறித் திருகை மேலும் முறுக்கினால், இக்காலத்து வண்டிகளிலுள்ள பிளாஸ்டிக் திருகு எளிதில் முறிந்துவிடும்.