மந்தைக்கு மதிலும் நிதியும்

ஆட்டையோ மாட்டையோ பறிகொடுத்த குடியானவர் காட்டு விலங்கின்மீது சினங்கொள்வது இயல்பே. ஆயினும் விலங்கைக் கொல்வதனால் போன பொருள் திரும்புவதில்லை. இமயமலைக் கிராமத்தார் சிலர் இத்தொல்லையைச் சமாளித்த வழியைச் சங்க அங்கத்தினர் அறிதல் நலம்.

ஹிமாசலப் பிரதேசத்தின் ஸ்பிதி பள்ளத்தாக்கில், ஏறக்குறைய 14,000 அடி உயரத்தில் உள்ளது கிப்பர் கிராமம். அவ்வட்டாரத்தைப் பற்றி 1997-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், 18 மாதங்களில் தங்கள் கால்நடைகளில் நூற்றுக்கு 18 வீதம் பனிச்சிறுத்தைக்கும் ஓநாய்க்கும் இரையானதாகக் கிராமத்தார் கூறிய கணக்குக் காணப்படுகிறது. சர்க்கார் அளித்த ஈட்டுத்தொகையோ, அவர்கள் மதித்த நஷ்டத்தில் நூற்றுக்கு 3 பங்கேயாம். ஆகவே பிறரை எதிர்பார்த்திருப்பதோடு நில்லாமல், தாமே முயலவேண்டியதாயிற்று.

முதலாவது, இராப்பட்டி. திறந்த பட்டிக்குள் பனிச்சிறுத்தை குதித்துவிட்டால், ஓட வழியின்றி மிரளும் ஆடுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கொன்றுகொண்டே போகும். ஒரே இரவில் ஒரு குடும்பத்தின் முதல் முழுவதும் அழியக்கூடும். லடாக்கில் இதற்குப் பரிகாரமாகக் கல்மதிலை உயர்த்தி, மேலே கம்பிவலை வேய்ந்து, இடுக்கின்றிப் பொருந்தும் கதவு அமைத்தனர். கல்லும் உழைப்பும் கிராமத்தாருடையவை. வலையும் கதவும் தொண்டு ஸ்தாபனத்தார் தந்தவை.

இரண்டாவது, மேய்ச்சல் நிலம். பனிச்சிறுத்தையின் இயற்கை உணவு மலைச்சரிவில் வாழும் காட்டாடுகள். நம் மந்தை புல் முழுவதையும் மேய்ந்துவிட்டால் அவை குறையும். இதையுணர்ந்த கிப்பர் மக்கள், தகுந்த ஈடு பெற்றுக்கொண்டு, மேய்ச்சல் நிலத்தில் ஒரு பகுதியைக் காட்டாடுகளுக்கென விட்டுவைத்தனர்.

மூன்றாவது, பொது நிதி. பகல் மேய்ச்சலில் நேரும் இழப்பைப் பட்டி தடுக்காது. ஆகையால் 2002-இல் கிப்பரில் கால்நடை இன்ஷ்யூரன்ஸ் தொடங்கப்பெற்றது. உடையவர்கள் சந்தா செலுத்துவர். வெளியுதவியும் நிதியிற் சேரும். உரிமைக் கோரிக்கையைக் கிராமக் கமிட்டியே விசாரிக்கும்.

இதன் பயன் நமக்கு எளிதில் விளங்கும். இறந்த மாடு நோயால் மாண்டதா, விலங்கால் மாண்டதா என்பதைத் தொலைவிலுள்ள உத்தியோகஸ்தரைவிட அண்டை வீட்டார் நன்கறிவர். பொய்க் கோரிக்கை ஒவ்வொருவர் சந்தாவையும் அரிக்குமாதலால், அனைவரும் விழிப்பாயிருப்பர். அன்றியும், முழு விலையையும் கொடுத்தால் காவல் தளரும். ஒரு பகுதியைக் கொடுத்தால் ஆறுதலும் உண்டு, கவனமும் குன்றாது.

எனவே, நிதி திரட்டும் சங்கம் எதுவாயினும் முதலில் பட்டியைப் பழுது பார்த்தல் வேண்டும். கதவில்லாப் பட்டிக்கு எந்த நிதியும் போதாது.