தாது ஆண்டுப் பஞ்சம்

சேதராப்பட்டு, வில்லியனூர், பாகூர் முதலிய ஊர்களின் உழவர் மழையையும் ஏரியையும் நம்பியே நெடுங்காலம் வாழ்ந்தனர். மழை பொய்த்தால் ஏரி வற்றும், விளைவு குன்றும். ஆனால் விளைவு குன்றுதல் வேறு. மக்கள் பசியால் மடிதல் வேறு. முன்னது இயற்கையின் செயல். பின்னதில் ஆட்சியாளரின் செயலும் கலந்துள்ளது. இவ்வுண்மையைத் தாது ஆண்டுப் பஞ்சம் நன்கு விளக்கும்.

1876ஆம் ஆண்டில் பருவமழை பொய்த்தது. ஆங்கிலேயர் ஆண்ட சென்னை மாகாணத்திற் பயிர்கள் கருகின, கால்நடைகள் மாண்டன. ஆயினும் நாட்டில் தானியம் அறவே இல்லாமற் போகவில்லை. அதனை வாங்கும் ஆற்றலே ஏழைகளிடம் இல்லை.

அந்நிலை ஒரே நாளில் வந்ததன்று. நிலவரியைப் பணமாகச் செலுத்த வேண்டியிருந்தமையால், உழவர் விளைந்ததை உடனே விற்றனர், களஞ்சியங்கள் வெறுமையாயின. இங்கிலாந்தின் ஆலைத்துணி வந்து குவியவே, நெசவாளர் பலர் தொழிலிழந்தனர். பஞ்சம் தீர்க்கும் எனக் கருதப்பெற்ற இருப்புப்பாதையோ, விலை மிகுந்த இடங்களுக்குத் தானியத்தைக் கொண்டு செல்லவும் பயன்பட்டது. மக்கள் மடிந்துகொண்டிருக்க, இந்தியாவிலிருந்து கோதுமை கப்பலேறியது. வாணிகத்தில் அரசு தலையிடலாகாது என்பது அரசப் பிரதிநிதி லிட்டன் பிரபுவின் கொள்கை.

1873–74ஆம் ஆண்டுகளில் பீகாரில் வறட்சி நேர்ந்தபோது, ரிச்சர்டு டெம்பிள் என்னும் அதிகாரி பர்மாவிலிருந்து அரிசி தருவித்தார். பசியால் மாண்டோர் மிகச் சிலரே. ஆனால் பெருஞ்செலவு செய்தார் என்று அவரைப் பழித்தனர். 1877ஆம் ஆண்டில் அவரே சென்னைக்கு அனுப்பப்பெற்றார். இம்முறை, நாள் முழுதும் உழைக்கும் ஆடவனுக்கு ஓர் இராத்தல் தானியமும் ஓரணாவுமே கூலியாகக் குறைத்தார். உடலுழைப்புக்கு அது போதாதென்று மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் வற்புறுத்தினார். சில திங்களின் பின்னரே கூலி உயர்த்தப்பட்டது. அதற்குள் எத்தனையோ உயிர்கள் பறிபோயின. இந்தியாவில் இப்பஞ்சத்தால் மாண்டோர் 50 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் என்று மதிப்பிடுவர்.

சென்னையிற் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி, 1877–78ஆம் ஆண்டுகளிற் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பெற்றது. அது பசித்தோர் கைகளால் தோண்டப்பட்ட நீர்வழியாகும். பின்னர் அரசு பஞ்ச ஆணைக்குழுவை அமைத்தது. 1883ஆம் ஆண்டிற் பஞ்ச விதித்தொகுப்பும் உருவாயிற்று.

மழையை வரவழைத்தல் எவ்வரசுக்கும் இயலாது. ஆனால் வறட்சி பஞ்சமாக மாறாமற் காத்தல் இயலும். பீகாரில் இயன்றது சென்னையில் இயலாமற்போனதற்கு வானம் காரணமன்று. உயிரினும் செலவைப் பெரிதெனக் கருதிய ஆட்சியே காரணமாகும்.