கொலுப் படகு ஆற்றில் மிதக்கணுமா? ஏஐ படம் செய்வோம், பொறுப்போடு பகிர்வோம்!

காஞ்சிபுரம் பொம்மைக்காரத் தெருவில் வாங்கிய ‘குகன் ஓடம்’ செட் உங்கள் வீட்டில் இருக்கிறதா? ராமர், சீதை, லட்சுமணர், துடுப்போடு குகன். அந்தப் படகு, மாகறல் திருமாகறலீஸ்வரர் கோயில் இருக்கும் செய்யாற்றங்கரையில் நிஜமாகவே மிதந்தால் எப்படி இருக்கும்? அதற்காகப் பொம்மையை ஆற்றில் விட்டுடாதீங்க, காகிதக்கூழ் ஊறிவிடும்! கூகுள் ஜெமினி, சாட்ஜிபிடி போன்ற ஏஐ செயலிகளில் சில நிமிடங்களில் செய்துவிடலாம். வாங்க, பார்ப்போம்.

படி 1: பொம்மையை ஜன்னலோரம், வெற்றுச் சுவர் முன்பு வையுங்கள். போனை பொம்மையின் உயரத்துக்கே இறக்கிப் படம் எடுங்கள். மேலிருந்து எடுத்தால் பொம்மை பொம்மையாகத்தான் தெரியும்.

படி 2: ஆற்றையும் கரையோரம் குனிந்து, தாழ்வாக எடுங்கள. இரண்டு படத்திலும் வெளிச்சம் ஒரே பக்கமிருந்து வரணும்.

படி 3: இரண்டையும் செயலியில் ஏற்றி, தமிழிலேயே இப்படிக் கேளுங்கள்: “பொம்மைகளின் முகம், நிறம், எண்ணிக்கை எதையும் மாற்றாதே. படகு நிஜ அளவில் இந்த ஆற்றில் மிதக்கட்டும். இடப்பக்கம் காலை வெயில். தண்ணீரில் படகின் பிம்பம் தெரியட்டும்.”

படி 4: வந்த படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். விரல்கள் சரியா? துடுப்பு கையில் இருக்கிறதா? நிழல் வெயிலுக்கு எதிர்ப்பக்கம் விழுகிறதா? அலை படகை விடப் பெரிதாக இருந்தால் “அலையைச் சிறிதாக்கு” என்று சொல்லுங்கள்.

படம் ரெடி. பகிர்வதற்கு முன் மூன்று விஷயம்.

ஒன்று, “ஏஐ மூலம் உருவாக்கிய படம்” என்று படத்தின் மீதே எழுதுங்கள். கீழே எழுதும் குறிப்பு ஃபார்வர்டு ஆகும்போது காணாமல் போகலாம். செய்யாறு பல மாதங்கள் மணலாகத்தான் கிடக்கும். நிறைந்த ஆற்றில் படகு போகும் படம் மழைக்காலத்தில் வாட்ஸ்அப்பில் சுற்றினால், வெள்ளம் என்று ஊரே பதறும். அப்படி ஒரு படம் உங்களுக்கு வந்தால், அனுப்பும் முன் மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077-இல் கேளுங்கள்.

இரண்டு, பொம்மை விற்பவர்கள் முதல் படமாக நிஜப் படத்தையே போடுங்கள். உயரத்தை அங்குலத்தில் எழுதுங்கள். ஆற்றுக் காட்சி இரண்டாவதாக வரட்டும். ஆன்லைனில் விளம்பரப்படுத்தியபடி பொருள் இல்லையென்றால், விற்பவர் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்கின்றன 2020-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள். வாங்குபவர்களே, பணம் கட்டும் முன் வீடியோ காலில் பொம்மையைக் காட்டச் சொல்லுங்கள். ஏமாந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

மூன்று, ஜெமினி உருவாக்கும் படங்களில் கண்ணுக்குத் தெரியாத ‘சிந்த்ஐடி’ குறி பதிந்திருக்கும். சந்தேகமான படத்தை ஜெமினியில் ஏற்றி, “இது கூகுள் ஏஐ செய்ததா?” என்று கேட்கலாம். குறி இல்லை என்று பதில் வந்தாலும் அது நிஜப் படம் என்று முடிவு கட்டாதீர்கள். வேறு செயலியில் செய்ததாக இருக்கலாம்.

இந்த நவராத்திரிக்கு உங்கள் வீட்டுக் குகன் ஆற்றில் துடுப்புப் போடட்டும். படத்தின் ஓரத்தில் அந்த ஒரு வரியும் மறக்காமல் இருக்கட்டும்!