லாக் ஃபைலை அழிக்காதீர்கள்!

சர்வரில் இயங்கும் புரோகிராம் முழுவதையும் நாமே எழுதுவதில்லை. பிறர் எழுதிய பேக்கேஜ்களை இன்டர்நெட்டிலிருந்து டவுன்லோட் செய்து சேர்க்கிறோம். நோட்.ஜேஎஸ் பயன்படுத்துவோருக்கு இந்த வேலையைச் செய்து தருவது என்பிஎம்.

பேக்கேஜ்.ஜேசன் ஃபைலில் ^3.3.4 என்றிருந்தால், 3.3.4 மட்டுமல்ல, 4.0.0-க்கு முந்தைய எந்தப் புதிய பதிப்பும் வரலாம். 2018-இல் ஈவென்ட்-ஸ்ட்ரீம் என்ற பேக்கேஜின் 3.3.6 பதிப்புடன், பிட்காயின் திருடும் புரோகிராம் ஒன்று இப்படித்தான் சத்தமில்லாமல் நுழைந்தது.

இதைத் தவிர்க்க நான் பின்பற்றும் வழி:

1. முதன்முறை 'என்பிஎம் இன்ஸ்டால்' கட்டளை கொடுத்ததும் பேக்கேஜ்-லாக்.ஜேசன் என்ற ஃபைல் உருவாகும். ஒவ்வொரு பேக்கேஜின் துல்லியமான பதிப்பு எண்ணும், கைரேகை போன்ற ஹேஷ் குறியீடும் அதில் பதிவாகும்.

2. புரோகிராமை வேறு கம்ப்யூட்டருக்குக் கொண்டு செல்லும்போது இந்த ஃபைலையும் சேர்த்தே காப்பி செய்யுங்கள்.

3. அங்கே 'என்பிஎம் சிஐ' என்று கொடுங்கள். பதிவான பதிப்புகள் மட்டுமே வரும். ஹேஷ் பொருந்தாவிட்டால் இன்ஸ்டால் நின்றுவிடும்.

ஒன்றை மறக்க வேண்டாம். முதலில் வந்த பேக்கேஜே கெட்டதாக இருந்தால், லாக் ஃபைல் அதையே திரும்பத் திரும்பக் கொண்டுவரும். எனவே அவ்வப்போது 'என்பிஎம் ஆடிட்' கொடுத்து, ஏற்கனவே கண்டறியப்பட்ட ஓட்டைகள் உள்ளனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.