நாளுக்கு இரண்டு டீ, இரண்டும் நல்ல டீ

சங்கரன்கோவிலில் தறி ஓடும் தெருக்களில் ஒரு நாளைக்கு எத்தனை டீ வருகிறது என்று யாரும் கணக்கு வைப்பதில்லை. தூக்குவாளி வரும், கிளாஸ் கைக்கு வரும், ஒரு கண் நூலின் மேல் இருக்கும்போதே குடித்து முடிந்திருக்கும். கடை, ஆபீஸ், வீடு எல்லா இடத்திலும் இப்படித்தான். ஐந்தாறு டீ குடித்தும் ஒன்றின் ருசிகூட நாக்கில் நிற்பதில்லை. எண்ணிக்கையைக் குறைத்து, மிச்சமிருப்பதை நன்றாகப் போட்டு, உட்கார்ந்து குடியுங்கள். இதுதான் என் யோசனை.

முதலில் நேரத்தை முடிவு செய்யுங்கள். காலைச் சாப்பாடு முடிந்து ஒரு மணி நேரம் கழித்து ஒன்று, சாயங்காலம் நாலு மணிக்கு ஒன்று. தோசையோடு டீ வேண்டாம். டீயின் துவர்ப்புச் சத்து, சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். ரத்தசோகை உள்ள பெண்கள் இந்த ஒரு மணி நேர இடைவெளியைக் கட்டாயம் கடைப்பிடிக்க வேண்டும்.

அடுத்து தூள். சீக்கிரம் நிறம் இறங்க வேண்டுமென்றால் பொடித்தூள். வாசனை வேண்டுமென்றால் கொஞ்சம் பருமனான தூள். இலங்கையிலிருந்து திரும்பி வந்த தமிழர்களுக்கு வேலை தருவதற்காக அரசு தொடங்கிய டான்டீ நிறுவனத்தின் நீலகிரித் தூளை ஒருமுறை வாங்கிப் பாருங்கள். மலிவான உதிரித் தூளில் சந்தேகம் இருந்தால், நனைத்த வடிதாளில் ஒரு சிட்டிகை தூவுங்கள். சற்று நேரத்தில் தூளைத் தட்டிவிட்டுப் பார்த்தால், சாயம் கலந்த தூள் பளிச்சென்று கறை விட்டிருக்கும். நூறு கிராமாக வாங்கி, இறுக்கமாக மூடும் டப்பாவில், மசாலாப் பொடிகளை விட்டுத் தள்ளி வையுங்கள். தூள் பக்கத்து வாசனையைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும்.

இனி அடுப்படி. இரண்டு பேருக்கு ஒரு டம்ளர் தண்ணீர், ஒரு டம்ளர் பால், இரண்டு டீஸ்பூன் தூள். உப்புத் தண்ணீரில் டீ மங்கிப்போகும், மேலே ஏடு மாதிரி படியும். குடிக்கிற தண்ணீரையே ஊற்றுங்கள். இஞ்சி போடுவதாக இருந்தால், தட்டி முதலில் தண்ணீரில் போட்டு மூன்று நிமிடம் நன்றாகக் கொதிக்கவிடுங்கள். பச்சை இஞ்சியில் பாலைத் திரிக்கும் ஒரு நொதி இருக்கிறது. கொதியில்தான் அது அடங்கும். 'இஞ்சி டீ திரிஞ்சு போச்சு' என்று பால்காரரைக் குறை சொல்லும் பல வீடுகளில் நடப்பது இதுதான். பிறகு தூளைப் போட்டு, தீயைக் குறைத்து இரண்டு நிமிடம். காய்ச்சிய பாலை ஊற்றி, ஒரு பொங்கு பொங்கி வந்ததும் இறக்குங்கள். ஏலக்காயை இறக்கும்போது தட்டிப் போட்டால் போதும். மிஞ்சியதைத் திரும்பச் சுட வைக்காதீர்கள், கசக்கும்.

வடிகட்டியதும் ஆற்றுங்கள். டீ மாஸ்டர் கையை உயர்த்தி இழுத்து ஆற்றுவதில் நுரை மட்டுமல்ல, உடம்புக்கு நன்மையும் இருக்கிறது. 65 டிகிரிக்கு மேல் சூடான பானங்கள் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2016-ல் வகைப்படுத்தியது. கொதிக்கக் கொதிக்கக் குடிப்பதில் பெருமை வேண்டாம். நாலைந்து தடவை ஆற்றினால் வாய்க்கு இதமாக வரும்.

சர்க்கரையை வாரத்துக்குக் கால் டீஸ்பூன் வீதம் குறையுங்கள், நாக்கு பழகிவிடும். கருப்பட்டி பிடிக்குமென்றால், தனியாகக் கொஞ்சம் வெந்நீரில் கரைத்து வடிகட்டி, டீயை இறக்கிய பிறகு கலக்குங்கள். பாலோடு சேர்த்துக் கொதிக்கவிட்டால் திரிந்துவிடும்.

வெயில் காலத்தில் பாலை விட்டுவிட்டு எலுமிச்சை டீக்கு மாறலாம். எலுமிச்சைக்குப் பேர் போன புளியங்குடி பக்கத்திலேயே இருக்கும்போது பாட்டில் சாறு எதற்கு? கட்டன் டீயை இறக்கிச் சற்று ஆறியதும் அரை மூடி பிழியுங்கள். கருஞ்சிவப்பு அப்படியே பொன்னிறமாக வெளுக்கும். கண்ணாடி கிளாஸில் ஊற்றிப் பார்க்க வேண்டிய காட்சி.

குடிக்கும்போது போனைக் கவிழ்த்து வையுங்கள். பத்து நிமிடம் போதும். தறி முன்னால் நிற்பவர்கள் முறை வைத்து, ஒருவர் தறியைப் பார்த்துக்கொள்ள மற்றவர் வெளியே வந்து உட்கார்ந்து குடிக்கலாம். ரத வீதிப் பக்கம் கடையில் குடிப்பவர்கள் 'அண்ணாச்சி, சக்கரை கம்மியா, நல்லா ஆத்திக் குடுங்க' என்று சொல்லக் கூச்சப்பட வேண்டாம். பார்சலுக்குச் சில்வர் தூக்கையோ பிளாஸ்கையோ கொண்டுபோங்கள். சூடான டீயைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்கவே வாங்காதீர்கள்.

ஆறு டீயிலிருந்து ஒரே நாளில் இரண்டுக்கு இறங்கினால் தலை வலிக்கும். மூன்று நாளைக்கு ஒரு டீ வீதம் குறையுங்கள். முதலில் நிறுத்த வேண்டியது ராத்திரி டீ. குடித்து ஐந்து மணி நேரம் ஆன பிறகும் காஃபீனில் பாதி உடம்பில் இருக்கும். ஏழு மணி டீ பன்னிரண்டு மணித் தூக்கத்தையும் கெடுக்கும். அந்த நேரத்தில் கைக்கு ஏதாவது சூடாக வேண்டுமென்றால், காப்பித் தூள் சேர்க்காமல் சுக்கும் மல்லியும் தட்டிப்போட்டுக் கொதிக்கவைத்துக் குடியுங்கள்.